சொட்டு மூத்திரத்துக்கு இத்தனை வெட்கமா?

கவ்வாத்து மலையில் ஒருவர் ஒதுங்கிப் போய்விட்டு வருகிறார். காற்சட்டையின் முன்புறம் காசளவு ஈரம். "என்ன அண்ணே, பைப்பு ஒழுகுதா?" என்று ஒரே சிரிப்பு. அவரும் கூடவே சிரிப்பார். மறுநாளிலிருந்து தண்ணீர்ப் போத்தலைத் தொடமாட்டார். வெயிலில் கத்தி பிடிப்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கடுக்கும், கல் சேரவும் வழியாகும். ஒழுகுவது மட்டும் நிற்காது.

சிரித்தவர்களே, கேளுங்கள். ஆணின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். அது நேர்க்குழாய் இல்லை. விதைப்பைக்குப் பின்னால் தாழ்ந்து, வளைந்து முன்னே வருகிறது. பீலியிலிருந்து லயத்துக்கு இழுத்த குழாயைப் பாருங்கள். மேலே அடைத்த பிறகும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அசைத்தால் வடியும். இதுவும் அப்படித்தான். வளைவில் நிற்கும் துளிகளைத் தள்ளிவிட ஒரு தசை இருக்கிறது. வயது ஏற ஏற அது தளரும், வாலிபர்களுக்கும் நடப்பதுண்டு. அப்போது நாலு எட்டு நடந்ததும் கசியும்.

இதையே "தாது போகிறது", "நரம்புத் தளர்ச்சி" என்று பயங்காட்டி, சம்பளம் போட்ட வாரம் பார்த்து லேகியம் விற்க டவுனில் ஆள் இருக்கிறது. பிள்ளைகளின் கொப்பிக் காசு அங்கே போகிறது. தோழர்களே, கசிவது மூத்திரம். தாதுவும் இல்லை, ஆண்மையும் இல்லை.

காசில்லாத வைத்தியம் இருக்கிறது. முடிந்ததும் சில விநாடி நில்லுங்கள். விதைப்பைக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து, மெல்ல அழுத்தி முன்பக்கமாகத் தடவி வாருங்கள்; தேங்கியது வந்துவிடும். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி இறுக்கி விடுங்கள். தினமும் பல தடவை, சில மாதம் செய்யவேண்டும். பெரட்டில் நிற்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

"சில விநாடி நில்லுங்கள்" என்று எழுதவே கை கூசுகிறது. எங்கே நிற்பது? மலையில் கழிப்பறை இல்லை. கவ்வாத்து வெட்டிய இடத்தில் மறைவுக்கு ஒரு செடிகூட மிஞ்சாது. ரோட்டில் கணக்கப்பிள்ளை நிற்கிறார். பாதியில் முடித்துக்கொண்டு ஓடி வருபவருக்கு ஒழுகாமல் என்ன செய்யும்? பெண்கள் படும் பாடு இதைவிடப் பத்து மடங்கு. "ஆம்பிளைக்கு எங்கேயும் இடம்தானே" என்று துரைமார் சொன்னபோது நாமும் தலையாட்டினோம். கழிப்பறையைப் பெண்கள் பிரச்சினை என்று கோரிக்கைப் பட்டியலின் அடியில் போட்டோம். அது சங்கத்தின் பிழை, நம் பிழை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். சிறுநீர் மெலிந்து விட்டு விட்டுப் போவது, முக்கவேண்டி வருவது, இரவில் பல தடவை எழும்புவது, எரிச்சல், இரத்தம், அடக்கமுடியாத ஒழுக்கு: இவை வளைவில் நின்ற துளி அல்ல. புரஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம்; சீனி வியாதியோ கிருமியோ இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டக் காசில்லை. அரைப்பேர் போகுமே என்று தள்ளிப்போடவேண்டாம். துண்டு தர மறுத்தால் தோட்டத் தலைவரிடம் வாருங்கள். காரணம் கேட்டால் "வைத்தியம்" என்ற ஒரு சொல் போதும். காற்சட்டைக் கதையைத் துரைக்கு விளக்கத் தேவையில்லை.