உள்நாக்கும் அடிநாக்கும்

சென்ற வாரம் ஒரு நாள் காலை, காப்பி கூட இறக்கவில்லை, எதிர் வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக் கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, குழந்தைக்கு உள்நாக்கை அறுத்து எடுக்கணுமாம். டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் அவனுக்குப் பேச்சு சரியாக வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வயதுப் பையனின் உள்நாக்கை எதற்காக எடுக்க வேண்டும்? சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது 'டான்ஸில்'! டாக்டர் சொன்னது ஒன்று, வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டான்ஸிலையும் உள்நாக்கு என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் வெகு நாளாக இருக்கிறது.

ஒரு டார்ச் விளக்குடன் கண்ணாடி முன் நின்று 'ஆ' என்று வாயைத் திறந்து பாருங்கள். நடுவில் மேலேயிருந்து ஒரு சின்னத் திராட்சை போல் தொங்குகிறதே, அதுதான் உள்நாக்கு. இலக்கணப்படி சேர்த்தால் உண்ணாக்கு. சிறுநாக்கு என்பாரும் உண்டு. லத்தீன் மொழியில் இதற்கு வைத்த பெயருக்கும் குட்டித் திராட்சை என்றுதான் அர்த்தம். பெயரில் நாக்கு இருக்கிறதே தவிர, நாக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணத்தின் பின்பக்கத்தில் மெத்தென்று இருக்கும் சதையின் நுனி இது. நாம் விழுங்கும்போது அந்தச் சதையும் இதுவும் சேர்ந்து மேலே எழும்பி, மூக்குக்குப் போகும் வழியை அடைத்து விடுகின்றன. ரசம் சாப்பிடும்போது யாராவது சிரிப்பு மூட்டினால் மூக்கில் சுரீர் என்று ஏறுகிறதல்லவா? கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகளின் பேச்சு மூக்கால் வருவதற்கும் இதுவே காரணம்.

சரி, டான்ஸில் எங்கே? அதே கண்ணாடியில் உள்நாக்குக்கு இடமும் வலமும் பாருங்கள். தொண்டையின் இரு சுவர்களிலும் பாதாம் பருப்புப் போல இரண்டு சதைகள் தெரியும். உள்நாக்கு ஒன்று, டான்ஸில் இரண்டு. இந்தக் கணக்கு நினைவிருந்தால் போதும், குழப்பம் வராது. வாய் வழியே வரும் கிருமிகளோடு சண்டை போடுவது டான்ஸிலின் வேலை. சிறு வயதில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறத் தானே சுருங்கும். ஆகவே பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்தியை எடுப்பதில்லை. தொண்டை வீங்கி ஜுரம் வருவது ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது 2 வருஷமாக வருஷத்துக்கு 5 தடவை, அல்லது 3 வருஷமாக வருஷத்துக்கு 3 தடவை என்றால் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். இரவில் குறட்டையும் மூச்சு அடைப்பும் இருந்தாலும் அப்படியே. எதிர் வீட்டுப் பையனுக்கு இரண்டாவது தொந்தரவு. பேச்சுக்கு ஒன்றும் வராது என்று சொன்ன பிறகுதான் அவள் காப்பியைக் கையில் வாங்கினாள்.

"உள்நாக்கு விழுந்து விட்டது" என்று கட்டை விரலில் உப்பும் மிளகுப் பொடியும் தொட்டு மேலே தூக்கிவிடும் வைத்தியம் தெரியுமல்லவா? என் பாட்டி செய்வாள். காரத்தில் கண்ணீர் வந்ததுதான் நான் கண்ட பலன். பெரியவர்கள் பட்டுக் கொள்ளட்டும். கைக்குழந்தையிடம் மட்டும் வேண்டவே வேண்டாம். மெல்லிய சதை கிழிந்து ரத்தம் வரலாம், புரையேறி மூச்சும் முட்டலாம். கொப்புளிக்கத் தெரிந்த வயதென்றால் உப்புப் போட்ட வெந்நீரே போதும். ஆனால் திடீரென்று விழுங்க முடியாமல் எச்சில் வழிந்து, மூச்சும் திணறினால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாக்கின் வேருக்குப் பின்னால், கண்ணாடியில் தெரியாத இடத்தில், குரல்வளை மூடி என்று இலை போன்ற ஒரு மூடி இருக்கிறது. வீக்கம் அங்கே இருக்கலாம்.

அடுத்த குழப்பம் அடிநாக்கு. தொல்காப்பியர் பிறப்பியலில் நாக்கை முதல், இடை, நுனி என்று மூன்றாகப் பிரிக்கிறார். க, ச, ட என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அண்ணத்தைத் தொடும் இடம் தொண்டைப் பக்கத்திலிருந்து முன்னால் நகர்ந்து வரும். அவர் 'முதல்' என்பது நாம் சொல்லும் அடிநாக்கு. மரத்துக்கு அடிமரம் போல. அங்கே வரிசையாகச் சில மொட்டுகள் தெரிந்தால் கட்டி என்று பயப்படாதீர்கள். சுவை அறிவதற்காக எல்லோருக்கும் இருப்பவைதான். நாக்கின் ஓரத்தில் 3 வாரமாகியும் ஆறாத புண்தான் டாக்டரிடம் காட்ட வேண்டியது.

அடிநாக்கு வேறு, நாக்குக்கு அடி வேறு. இதை எங்கள் வீட்டில் பயந்து நடுங்கித்தான் தெரிந்து கொண்டோம். என் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தால் வைத்துக் கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார்கள். "நாக்கடியில் வையுங்கள்" என்றார் டாக்டர். மாமியார் அடிநாக்கில், தொண்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அது உறுத்தவே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கியும் விட்டார். வலி நிற்கவில்லை. முகமெல்லாம் வேர்த்து விட்டது. "மாத்திரை எங்கே அம்மா?" என்று கேட்டபோது தொண்டையைத் தொட்டுக் காட்டினார்! இன்னொரு மாத்திரையை நானே நாக்கைத் தூக்கச் சொல்லி வைத்தேன். ஆனாலும் நேரம் போய்விட்டதே என்று உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

நாக்கைத் தூக்கினால் கீழே நீல நரம்புகள் ஓடுவது தெரியும். நடுவே நாக்கைத் தரையோடு கட்டிய நூல் போன்ற ஒரு தளை. அந்தத் தளைக்குப் பக்கத்தில்தான் மாத்திரையை வைக்க வேண்டும். அங்கே கரைந்தால் நேராக ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நிமிஷத்தில் வேலை செய்யும். விழுங்கினாலோ வயிற்றுக்குப் போய், ஈரலில் பெரும் பகுதி வீணாகிவிடும். வைத்துக் கொள்ளும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். 5 நிமிஷத்தில் வலி தணியாவிட்டால் தாமதம் செய்யாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

மாமியார் இப்போது சௌக்கியம். மாத்திரைப் புட்டியின் மேல் "நாக்கைத் தூக்கு, கீழே வை, விழுங்காதே" என்று பேத்தியை விட்டுக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறார்.