கும்மிடிப்பூண்டி பட்டறைக்கும் அரசு ஆர்டர் கிடைக்கும்... டெண்டர் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்!

காக்களூரில் ஆவின் பால் பண்ணை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். ஆவடியில் மாநகராட்சி, திருவள்ளூரில் நகராட்சி, கும்மிடிப்பூண்டியில் பேரூராட்சி. இவற்றோடு அரசுப் பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள். நட்டு போல்ட்டில் ஆரம்பித்து இரும்புக் கட்டில், பெயின்ட், அட்டைப்பெட்டி, கேபிள் என்று இவர்கள் எல்லாருமே எதையாவது வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இதே மாவட்டத்தில், காக்களூர், திருமழிசை சிட்கோ பேட்டைகளிலும் கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலும் இவற்றைத் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'அரசு டெண்டர்' என்றாலே, "அதெல்லாம் ஆள் பலம் இருக்கிறவங்களுக்குங்க" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி, டெண்டர் ஆவணத்தைத் திறந்துகூடப் பார்க்காததால் வருவது.

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் அரசு நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு 1998-ல் ஒரு தனிச் சட்டமே வந்தது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று பெயர். அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. விலைக்கு வாங்குகிற அதிகாரி தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாதபடி சில கடிவாளங்கள் இதில் இருக்கின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர் என்றால், அறிவிப்பு வெளியான நாளில் இருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். விலைப் பேரம் பேசுவதாக இருந்தால், குறைந்த விலை சொன்னவரிடம் மட்டும்தான் பேசலாம். எப்படி மதிப்பிடப்போகிறார்கள் என்பதை ஆவணத்திலேயே சொல்லிவிட வேண்டும். டெண்டரைத் திறந்த பிறகு புதிதாக ஒரு நிபந்தனையை நுழைக்க முடியாது.

சரி, எங்கே பார்ப்பது? டிஎன்டெண்டர்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்ற மாநில அரசின் தளத்தில். லாகின் இல்லாமலேயே டெண்டர்களைத் தேடலாம், ஆவணத்தை இறக்கிப் படிக்கலாம். செல்போனிலேயே முடியும். விலைப்புள்ளி சமர்ப்பிக்கத்தான் கம்ப்யூட்டரும், கிளாஸ்-3 டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் வரும் அந்தக் கையொப்பத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. கடைசி நாளில் டோக்கனைச் செருகிய பிறகு அது போன மாதமே முடிந்துவிட்டது என்று தெரிந்தால், செய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்தத் தளத்தில் வேறு சில கண்ணிகளும் உண்டு. விலை நிரப்ப ஓர் எக்செல் ஃபைல் தருவார்கள். அதன் பெயரை மாற்றக் கூடாது, வரிசைகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாற்றினால் தளம் ஏற்றுக்கொள்ளாது. எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபின் 'ஃப்ரீஸ்' பட்டனை அழுத்தி, ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தால்தான் டெண்டர் போட்டதாக அர்த்தம். ஏற்றியதோடு மூடிவிட்டுப் போனால் அத்தனை உழைப்பும் வீண். நேரம்கூட உங்கள் சுவர்க் கடிகாரத்துப்படி கிடையாது. திரையின் மேலே ஓடுகிற சர்வர் நேரம்தான் கணக்கு. சிப்காட்டில் கரன்ட் போன கதையெல்லாம் அங்கே எடுபடாது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது.

பெரும்பாலான டெண்டர்களில் இரண்டு உறைகள். முதலாவது தொழில்நுட்ப உறை: பதிவுச் சான்றுகள், விற்றுமுதல், இதற்கு முன் செய்த ஆர்டர்கள். அதில் தேறினால்தான் இரண்டாவதான விலை உறையைத் திறப்பார்கள். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் உறையிலேயே அடிபட்டுப்போகின்றன. 'இதேபோன்ற பொருளை மூன்று ஆண்டுகள் சப்ளை செய்திருக்க வேண்டும்' என்ற ஒரு வரி போதும். அது நியாயமில்லை என்று தோன்றினால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கேட்டு, நிபந்தனை மாறினால் திருத்த அறிவிப்பு தளத்திலேயே வரும். டெண்டர் முடிந்த பிறகு டீக்கடையில் புலம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

முன்வைப்புத் தொகையில் ஒரு சலுகை இருக்கிறது. இ.எம்.டி என்று சொல்வார்களே, அதுதான். மாநில விதிப்படி அது கொள்முதல் மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவுபெற்ற உள்ளூர் சிறு உற்பத்தியாளர்களுக்கு அதிலிருந்தும் விலக்கு கேட்க வழி உண்டு. ஆனால், உங்கள் பதிவுச் சான்றில் இருக்கும் பொருளும் டெண்டரில் கேட்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். உத்யம் சான்றில் 'வார்ப்பு' என்று பதிந்துவிட்டு மேசை நாற்காலி டெண்டருக்கு விலக்கு கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இந்தச் சலுகைகள் பொருந்தாது. சான்றில் திருத்தம் செய்யக் கட்டணம் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

இன்னொன்று, கொள்முதல் முன்னுரிமை. மத்திய அரசின் 2012 ஆணைப்படி, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவிகிதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவிகிதம் பெண்கள் நடத்துபவற்றுக்கு, 4 சதவிகிதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்துபவற்றுக்கு. மாநிலச் சட்டமும் உள்ளூர் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு முன்னுரிமை தருகிறது. இதில் 'உள்ளூர்' என்பது தமிழ்நாட்டுக்குள் என்று அர்த்தம். ஆரம்பாக்கத்தைத் தாண்டித் தடாவில் பட்டறை வைத்திருப்பவர் கும்மிடிப்பூண்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இதைக் கேட்க முடியாது.

இது நடைமுறையில் எப்படி வரும்? ஓர் உதாரணம். பள்ளிகளுக்கு 1,000 இரும்பு பெஞ்ச் வேண்டும் என்று டெண்டர். 15 சதவிகித விலை இடைவெளி, 25 சதவிகித ஒதுக்கீடு என்று ஆவணம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனம் ஒன்று 8,000 ரூபாய் என்று போட்டு முதலில் வருகிறது, அதுதான் எல்-1. நீங்கள் போட்டது 8,900. இடைவெளிக் கோடு 9,200 என்பதால் உள்ளே இருக்கிறீர்கள். '8,000 ரூபாய்க்கே தருவீர்களா?' என்று கேட்பார்கள். சரி என்றால் 250 பெஞ்ச் உங்களுக்கு. உங்களைப் போல இன்னொரு சிறு நிறுவனமும் கோட்டுக்குள் இருந்தால் அந்த 250-ஐப் பங்கிட வேண்டும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். உங்கள் அடக்கவிலை 7,200 என்றால் மொத்தச் செலவு 18 லட்சம், வரவு 20 லட்சம், லாபம் 2 லட்சம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 சதவிகித ஜி.எஸ்.டி-யாக 3.6 லட்சத்தைப் பணம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும். அதில் ஒரு பகுதி இரும்புக்காரரிடம், மீதி ரிட்டர்ன் தாக்கலில். ஆக, கையில் இருந்து இறங்குவது 21.6 லட்சம். 12 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், 45 நாளில் பணம் வந்தால் வட்டி சுமார் 32,000 ரூபாய். 120 நாள் இழுத்தால் சுமார் 85,000. 2 லட்ச லாபம் 1.15 லட்சமாகச் சுருங்கிவிடும். இது போக, ஒப்பந்தம் 2.5 லட்சத்துக்கு மேல் என்பதால் பணம் தரும்போது 2 சதவிகிதம் ஜி.எஸ்.டி டி.டி.எஸ் பிடிப்பார்கள். அது உங்கள் கணக்கில் வரவாகும் என்றாலும் அந்த மாதம் கையில் இருக்காது. அடக்கவிலை 8,200 என்றால் யோசிக்கவே வேண்டாம், 'முடியாது' என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த டெண்டரைப் பார்க்கலாம். ஆர்டர் எடுத்துவிட்டுச் செய்யாமல் விட்டால் காப்புத்தொகை போகும், கறுப்புப் பட்டியல் அபாயமும் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேட்டையில் நாலு பேர் சேர்ந்து, 'இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்' என்று விலையைப் பேசிவைத்துப் போடுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். போட்டிச் சட்டப்படி அது குற்றம். அபராதம் லாபத்தின் மூன்று மடங்கு வரையோ, விற்றுமுதலில் 10 சதவிகிதம் வரையோ போகலாம். எல்லாரும் ஒரே பிரவுசிங் சென்டரில் இருந்து, ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினாலே சந்தேகம் வரும்.

தகுதி இருந்தும் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்றால், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். 11-வது நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

பணம் வராவிட்டால்? 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி கேட்கலாம். சமாதான் தளத்தில் புகார் பதிந்தால் அது வசதி மன்றத்துக்குப் போகும். அடுத்த ஆர்டருக்குப் பயந்து பலர் புகார் தருவதில்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். சரக்கை இறக்கும்போது, தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்காமல் லாரியைத் திருப்பாதீர்கள். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் வரவில்லை என்றால், சரக்கு இறக்கிய அந்தத் தேதியில் இருந்துதான் 45 நாள் கணக்கு ஓடும்.