மகர்பட்டா பூங்காவும் மாநகராட்சியின் கடமையும்

புனே ஹடப்சரில் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்று சேர்த்து உருவாக்கியதே மகர்பட்டா நகரியம். 400 ஏக்கருக்கு மேற்பட்ட அதன் நடுவே 25 ஏக்கரில் அதிதி பூங்கா இருக்கிறது. நிலத்தை விற்றுவிட்டு வெளியேறாமல், உழவர்களே பங்குதாரர்களானது பாராட்டுக்குரியது.

ஆனால் அந்தப் பூங்கா நகரியத்தாரின் ஏற்பாடு. சுற்றுவட்டாரத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியின் பிள்ளைகள் விளையாட, மாநகராட்சிதான் வழி செய்ய வேண்டும். 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூங்காவுக்கென வரைபடத்தில் நிலம் ஒதுக்கினால் மட்டும் போதாது. மகாராஷ்டிராவின் 1966-ஆம் ஆண்டு நகர அமைப்புச் சட்டப்படி, 10 ஆண்டுகளுக்குள் அந்நிலத்தைக் கையகப்படுத்தாவிட்டால் உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன் பிறகும், சட்டம் குறித்த கெடுவுக்குள் நடவடிக்கை இல்லையென்றால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அங்கே கட்டடம் எழுந்த பின் கூக்குரலிட்டுப் பயனில்லை.

2006 முதல் புனே மாநகராட்சி, வரவு-செலவுத் திட்டத்துக்கான யோசனைகளைக் குடிமக்களிடமிருந்து வார்டு அலுவலகங்கள் மூலம் பெறும் முறையைக் கொண்டுவந்தது. ஊர் விட்டு வந்தவர்கள் நமக்கென்ன என்று ஒதுங்கலாகாது. நம் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம் எது, அதன் கெடு எப்போது முடிகிறது என்று வார்டு அலுவலகத்தில் கேட்பதே முதல் வேலை. மனு எழுதத் தெரிந்த நம் குமாஸ்தாக்கள் இதற்கு முன்வர வேண்டும்.