ஸ்பேனரை எடுக்கும் முன்
இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் கியர் விழ அடம்பிடிக்கிறது என்றதும், ஓட்டிக்கூடப் பார்க்காமல் ‘கியர்பாக்ஸை இறக்கிடலாம்’ என்று ஒரு பட்டறையில் சொல்லக் கேட்டேன், மனம் பொறுக்கவில்லை. பழைய வண்டி தன் நோயைத் தானே சொல்லும், காது கொடுக்கத்தான் ஆள் வேண்டும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்த பிறகே சத்தம் கிளம்பினால், ரிலீஸ் பேரிங்கை. எஞ்சினை அணைத்தால் சுலபமாக விழுகிற கியர், ஓடும்போது மட்டும் முரண்டுபிடித்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றே பொருள். கியர் ஆயிலில் ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகப் பித்தளைத் துகள் மினுங்கினால், சிங்க்ரோ வளையம் தேய்கிறது. அப்போது கியர்பாக்ஸைத் திறப்பதில் நியாயம் உண்டு. இந்தச் சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும். பழைய காரை இழுத்துப்பிடித்து ஓட்டுபவர்களில் பலர் புதியது வாங்க வழியில்லாதவர்கள். அவர்களுடைய ஒவ்வொரு ரூபாய்க்கும் மரியாதை கொடுத்து, முதலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்.