நாற்றங்காலை அளந்தபின் நடவு

"தலைமுடி கொட்டுவதெல்லாம் ஒரு துன்பமா?" என்று பெரியவர்கள் எளிதாகக் கேட்டுவிடுகின்றனர். 50 வயதைக் கடந்தவர்க்கு அது துன்பமாக இல்லாதிருக்கலாம். 24 வயதில், காலைதோறும் தலையணையின்மேல் உதிர்ந்து கிடக்கும் முடியைக் காணும் இளைஞனுக்கு அது துன்பமே.

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் அத்தகைய இளைஞர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார். ஈராண்டுகளாக அவருடைய நெற்றி மேலேறிக்கொண்டே போகிறது. நண்பர்கள் 'சொட்டை' என்று அழைக்கின்றனர். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சுத் தொடங்கிவிட்டது. நிழற்படம் எடுத்துக்கொள்ளவே அவருக்குக் கூச்சம். இரவெல்லாம் கைப்பேசியில் முடி மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறார். சேமிப்பும் கையில் இருக்கிறது. 3000 முடிக்கூட்டங்களை ஒரே நாளில் நட்டுத் தருவதாகவும், இம்மாத முடிவுக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டென்றும் ஒரு நிலையத்தார் நெருக்குகின்றனர். "செய்துகொள்ளலாமா?" என்பதே அவர் வினா.

தம்பி, உன் வினாவில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பிறர் முன் நன்றாகத் தோன்ற விரும்புவது இயல்பான ஆசையே. ஆனால் எங்கே செய்வது, எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையே நீ பெரிதும் ஆராய்ந்திருக்கிறாய். அவற்றுக்கு முன்னர் ஆராய வேண்டியது ஒன்றுண்டு. உன் தலையிலிருந்து இனி எவ்வளவு போகும், எடுத்து நடுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதே அது.

வழுக்கையின் வேர்

தண்ணீர் சரியில்லை, தலைக்கவசம் அணிந்ததால் வந்தது, எண்ணெய் வைக்காததால் வந்தது என்றெல்லாம் கூறுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும். ஆண்களுக்கு வரும் பொதுவான வழுக்கைக்கு ஆண்மைச் சுரப்பும் பரம்பரையுமே முதன்மையான காரணங்கள். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விளக்கினார். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பைச் செலுத்தியபோதோ, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது.

அச்சுரப்பு உடலில் டி.எச்.டி. என்னும் பொருளாக மாறி, முன்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குறுகி, இறுதியில் பூனைமுடி போலாகிவிடுகிறது. பின்தலையிலும் காதோரங்களிலும் உள்ள வேர்களோ இதற்குப் பெரும்பாலும் இடங்கொடுப்பதில்லை. தாய்வழிப் பாட்டனைப் பார்த்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மையே. தந்தை வழியிலும் இது வரும்.

எல்லா முடி உதிர்வும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாய் உதிரும் முடி பெரும்பாலும் தானே மீளும். இரத்தச் சோகை, தைராய்டுக் கோளாறு, புழுவெட்டு ஆகியவற்றாலும் முடி போகும். அவற்றுக்கு மருத்துவம் வேறு. எனவே, நீ முதலில் நாட வேண்டியவர் தோல் மருத்துவர். அறுவை நிலையத்தின் விற்பனையாளர் அல்லர்.

முடி நடவு பிறந்த கதை

1939-இல் ஒகுடா என்னும் ஜப்பானிய மருத்துவர், தழும்பினால் முடியிழந்த இடங்களில் சிறு சிறு தோல் வட்டங்களை நட்டு முடி வளர்த்தார். தம் மொழியில் அவர் எழுதிய கட்டுரை, போர்க்காலமாதலால் மேலைநாட்டாருக்கு எட்டவில்லை. 1952-இல் நியூயார்க் நகரில் நார்மன் ஓரன்ட்ரைக் என்னும் தோல் மருத்துவர், பின்தலையிலிருந்து எடுத்த முடியை வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். இடம் மாறியும் அதன் குணம் மாறவில்லை. பின்தலையில் எவ்வாறு நிலைத்து வளருமோ அவ்வாறே முன்தலையிலும் வளர்ந்தது. வழுக்கைத் தோலை எடுத்து முடியுள்ள இடத்தில் வைத்தாலோ, அங்கும் அது வழுக்கையாகவே நின்றது. 1959-இல் அவர் வெளியிட்ட இவ்வுண்மையின் மேல்தான் இன்றைய முடி மாற்றுச் சிகிச்சை முழுவதும் நிற்கிறது.

ஆயினும் அக்காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டங்களாகவே தோலை வெட்டி நட்டனர். பொம்மைத் தலையில் செருகிய முடியைப் போல் அது குத்துக் குத்தாக நின்றது. அதனினும் பெரிய துயரம் பின்னர் வந்தது. இளவயதில் நட்டுக்கொண்டவர்களுக்கு, நட்ட இடத்தின் பின்னிருந்த சொந்த முடி ஆண்டுக்காண்டு உதிர்ந்தது. நட்ட முடி மட்டும் நெற்றியோரத்தில் தீவைப் போல் தனித்து நின்றது. அதை மறைக்க மற்றொரு நடவு, அதற்குப் பின் இன்னொன்று என்று அலைந்தவர்கள் பலர்.

முடி ஒன்று முதல் நான்கு வரை சிறு கூட்டங்களாகவே தோலில் முளைக்கிறது என்பதை 1984-இல் ஹெடிங்டன் என்பவர் விளக்கினார். 1990-களில் அக்கூட்டங்களையே ஒவ்வொன்றாய் நடும் முறை பரவியது. பின்தலையில் ஒரு பட்டைத் தோலை வெட்டியெடுத்துத் தைத்துவிடுவது எஃப்.யு.டி. எனப்படும். சுமார் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவியால் ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே தோண்டியெடுப்பது எஃப்.யு.இ. எனப்படும். முன்னதில் தழும்பு கோடாக நிற்கும். பின்னதில் புள்ளி புள்ளியாக நிற்கும். தழும்பே இராது என்று விளம்பரம் கூறினால் அதனை நம்பாதே.

இருப்பும் தேவையும்

திறமையான கையில் இன்றைய நடவு இயற்கையான முடிபோலவே தோன்றும்; இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அது புதிய முடியைப் படைப்பதில்லை. நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நடுவதே அங்கு நடைபெறுகிறது. உழவனுக்குள்ள வசதியும் இங்கில்லை. பறித்த இடத்தில் மறுமுறை நாற்று விட முடியாது.

பின்தலையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் தீங்கின்றி எடுக்கக்கூடியது ஏறத்தாழ 6000 முடிக்கூட்டங்கள் எனலாம். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். வழுக்கை முற்றினால் 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு வெறுமையாகலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் இயற்கையாக இருந்தவை சுமார் 80 கூட்டங்கள். ஆகவே, இழப்பு 16000; இருப்பு 6000. இந்த 6000-ஐக் கொண்டு அடர்த்தியைக் குறைத்து, அளவறிந்து நட்டால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். அதை விடுத்து, பள்ளிப் பருவத்து நெற்றியை மீட்பதற்காக 24 வயதிலேயே 3000-ஐச் செலவிட்டுவிட்டால், 40 வயதில் உச்சி வெறுமையாகும்போது உன் கையில் என்ன மிஞ்சும்?

இதனாலேயே, 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கத்தியை எடுக்க நேர்மையான மருத்துவர்கள் தயங்குகின்றனர். 1975-இல் நார்வுட் என்பவர் சீர்செய்த அட்டவணையில் ஆண் வழுக்கை 7 படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. நீ ஏழாம் படி வரை செல்வாயா, மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவாயா என்பதை இவ்வயதில் எவரும் உறுதியாகக் கூற இயலாது.

காத்திருப்பது என்றால் கைகட்டி இருப்பதன்று. மினாக்சிடில் என்பது இரத்த அழுத்தத்திற்காக வந்த மருந்து. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி வளரக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக்கினர். 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. டி.எச்.டி. உருவாவதைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997-இல் இசைவு கிடைத்தது. பலருக்கு இவை உதிர்வைத் தடுத்து நிறுத்துகின்றன. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய உணர்வில் குறைவும் மனச்சோர்வும் ஏற்படலாம். ஆதலால் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. நடவு செய்துகொண்டவர்களுக்கும் எஞ்சிய சொந்த முடியைக் காக்க இம்மருந்துகள் பெரும்பாலும் தேவைப்படுகின்றன. இதனை விற்பனையாளர் உன்னிடம் கூறினாரா?

யார் கையில் கத்தி?

2016-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 22 வயதான மருத்துவ மாணவர் ஒருவர், முடி மாற்றுச் சிகிச்சையின்போது உடல்நிலை சீர்குலைந்து ஓரிரு நாட்களில் உயிரிழந்தார். மருத்துவம் பயின்ற பிள்ளைக்கே அக்கதி நேர்ந்தது. தலைமுடிதானே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. இச்சிகிச்சை பல மணி நேரம் நீள்வது. தலைத்தோலை மரக்கச் செய்யும் ஊசிமருந்து அளவு மீறினால் மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடியது.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பின், 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு செய்துகொண்ட மருத்துவரே இதைச் செய்யலாம் என்றும், காணொளி பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது. எனவே, பணம் கட்டுமுன் பின்வருவனவற்றைக் கேள்:

1. ஊசி போடுபவரும், தோண்டி எடுப்பவரும், நடுவதற்குத் துளையிடுபவரும் யார்? அந்த மருத்துவரின் பட்டம் என்ன? பதிவு எண் என்ன?

2. திடீரென மூச்சோ இதயமோ தடுமாறினால் அங்கே என்ன ஏற்பாடு உண்டு? தீவிர சிகிச்சைக்கு எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வார்கள்?

3. என் பின்தலையில் உள்ள இருப்பை அளந்தீர்களா? இப்போது எத்தனை எடுக்கிறீர்கள், பிற்காலத்திற்கு எத்தனை மிஞ்சும்? இதை எழுத்தில் தருவீர்களா?

4. என் சொந்த முடி இன்னும் பத்தாண்டுகளில் உதிர்ந்தால் இந்த நடவு எப்படித் தோன்றும்?

5. ஓராண்டு நிறைவுற்ற ஒருவரை நேரில் காண இயலுமா?

ஐந்தாவது வினா முக்கியமானது. நட்ட முடியின் பெரும்பகுதி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும். மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் முளைக்கத் தொடங்கும். முழுப் பயனைக் காண ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆதலால் அடுத்த மாதத் திருமணத்திற்காக இந்த மாதம் நட்டுக்கொள்வதில் பொருளில்லை. விளம்பரப் படங்களைக் காணும்போதும் கவனம் வேண்டும். முன்படத்தில் ஈரத்தலையும் பளிச்சென்ற வெளிச்சமும், பின்படத்தில் சீவிய தலையும் மங்கிய வெளிச்சமும் இருந்தால், அவற்றை ஒப்பிட்டு முடிவுக்கு வராதே.

வீட்டாருக்கு ஒரு சொல்

பெற்றோரே, உடன்பிறந்தோரே, பிள்ளையின் நெற்றியைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் கேலி கேட்டவனே இரவில் தனியே அமர்ந்து விளம்பரங்களைத் தேடுகிறான். தன் குறையை எவரிடமும் கூற இயலாதவனை, தள்ளுபடி காட்டி அழைப்பவன் எளிதில் மடக்கிவிடுகிறான். மருத்துவரிடம் மகன் செல்லும்போது உடன் செல்லுங்கள். வினாக்களை நீங்களும் கேளுங்கள்.

பெண் வீட்டாரிடம் பழைய நிழற்படத்தைக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். நேரில் காணும் அன்று அது வெளிப்பட்டே தீரும். உள்ளபடி உள்ள படத்தைக் கண்டு ஒத்துக்கொள்ளும் பெண், பின்னாளில் நெற்றி இன்னும் இரண்டு விரற்கடை மேலேறினாலும் வருந்தமாட்டாள்.

தம்பி, அந்த மாத முடிவுத் தள்ளுபடி போனால் போகட்டும். இன்னொரு தள்ளுபடி வரும். எடுத்த நாற்றோ திரும்பி வராது. தோல் மருத்துவரைக் காண்; நோயின் பெயரை அறிந்துகொள்; மருந்தினால் நிற்குமா என ஓராண்டு பார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வை. அதன் பின்னரும் நடவு வேண்டுமென்றால், 27 வயதிலோ 30 வயதிலோ தெளிந்த மனத்துடன், தகுந்த மருத்துவரிடம் செய்துகொள். அதில் தவறேதுமில்லை. வேண்டாம் என்று தோன்றினால் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, நிமிர்ந்து நட. பதறாத காரியம் சிதறாது.