கன்றின் ரத்தத்தைப் பார்க்க யார் வருவது?

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் இன்னொன்று வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் இரண்டு கல்லூரிகள் இருந்தும், பிறந்த கன்று ஒரு மாதத்துக்குள் கழிந்து செத்தால் 'கொடுத்து வைக்கவில்லை' என்றுதான் நம் தெருக்களில் இன்னமும் சொல்கிறோம்.

நிலமில்லாத வீட்டுக்குக் கிடேரிக் கன்றுதான் சேமிப்பு. தாட்கோ கடனில் வாங்கிய மாட்டின் கன்றாக இருக்கலாம், 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாட்டுத் திட்டத்தில் வந்த மாட்டின் வழியாக இருக்கலாம். வாரத்துக்கு வளர்க்கும் வீட்டில் கன்றே கூலி. அது செத்தால் புல்லறுத்த உழைப்பு மொத்தமும் வீண்.

தாய் வயிற்றில் இருக்கும்போது பசுவின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றின் ரத்தத்துக்குப் போகாது. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கும் கெடு உண்டு. முதல் ஆறு மணி நேரத்துக்குள் குடித்தால் நன்றாகச் சேரும். ஒரு நாள் கடந்தால் குடல் அதை ரத்தத்தில் ஏற்காது. முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டராவது வேண்டும். நாமோ நஞ்சுக்கொடி விழட்டும் என்று மடியைத் தொடாமல் காத்திருக்கிறோம். கேட்டால் பாட்டி காலத்து வழக்கம் என்கிறோம்.

குடித்த சீம்பால் ரத்தத்தில் சேர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், கன்றின் கழுத்து ரத்தக்குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து உறைய விட வேண்டும். மேலே தெளியும் நீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் புரத அளவு தெரியும். 100 மில்லிக்கு 5.2 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்தக் கன்றுக்குப் பாதுகாப்பு போதவில்லை. மோகனூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கருவி புதிதல்ல, சாற்றின் பிரிக்ஸ் பார்ப்பதும் இதே வகைதான். மின்சாரம்கூட வேண்டாம். ஆனால் கழிச்சலில் நீர் வற்றிய கன்றுக்கு அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே கன்று துள்ளும்போதே பார்த்துவிட வேண்டும்.

அளவு குறைந்த கன்றுக்கு இனிமேல் சீம்பால் ஊட்டினாலும் அது ரத்தத்தில் சேராது. ஆனால் எந்தக் கன்றை ஈரமில்லாத இடத்தில் தனியே கட்டுவது, எதற்குப் பாலைக் குறைக்கக் கூடாது, எதற்குக் கழிச்சல் கண்ட அன்றே மருத்துவரை அழைப்பது என்று தெரிந்துவிடும். சற்று வளர்ந்த கலப்பினக் கன்று காய்ச்சலோடு வெளுத்து, கழுத்தடி நெறிகட்டி நின்றால் உண்ணி பரப்பும் தைலேரியா இருக்கலாம். காதோர ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் பிடிபடும்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். முகாம் எங்கே நடக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். ஊர்க் கோயில் திடலில், காலை பத்து மணிக்கு என்றால், நம் பெண்கள் அந்நேரம் காட்டிலும் கோழிப்பண்ணையிலும் இருப்பார்கள். மூன்று நாள் கன்றைத் திடல்வரை நடத்திப் போவதும் ஆகாத காரியம். நம் தெருக் கன்றின் ரத்தம் ஆய்வகம் போய்ச் சேராவிட்டால், மாவட்டக் கணக்கில் அதன் நோயும் இல்லை, சாவும் இல்லை.

செத்த மாட்டைத் தூக்க மட்டும் அருந்ததியரை அழைத்த மண் இது. உயிரோடிருக்கும் மாட்டைப் படிக்கும் படிப்பும் நமக்கு உரியதுதான். மாணவர்கள் கவனியுங்கள்: கால்நடை மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணால் நிரப்பப்படுகின்றன, நீட் தேவையில்லை. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. பட்டியலினத்தாருக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு முன், நம் தெருவிலேயே முகாம் போட வேண்டும். அதுவரை அவசரத்துக்கு 1962ஐ அழையுங்கள். அடுத்த கிராம சபைக்கு, தெருவில் உள்ள கன்றுகளையும் கடந்த ஆண்டு செத்தவற்றையும் எண்ணி எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த எண்ணிக்கை ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.