கரையைத் தாண்டினால் போன் வெறும் பெட்டி

உறவுகளே, "போன் இருக்குத்தானே" என்று இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போகிறோம்? குருநகரிலும் பருத்தித்துறையிலும் ஃபைபர் படகில் போகிறவருக்கு, சிக்னல் போனபிறகு என்ன துணை?

2015இல் ஐரோப்பா இலங்கை மீனைத் தடைசெய்தது. உடனே சர்வதேசக் கடலுக்குப் போகும் பலநாள் கலங்களில் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். மீன் விற்கக் கருவி வரும், சின்னப் படகுக்காரன் உயிருக்கு வராதா? அக்கரையில் இஸ்ரோவின் அபாயக் கருவி 2010 முதல் இருக்கிறது.

விலை கூடத்தான். ஆனால் செய்மதிச் சேவைக்குக் காசில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்க்கிறோமே!

வாங்கி அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். 406 மெகாஹேட்ஸ் பீக்கனைப் பதிவுசெய்யவேண்டும். ஆபத்தில் அன்டெனாவை நிமிர்த்தி, சுவிட்சைப் போட்டு, கயிற்றை மிதவையில் கட்டி (தாழும் படகில் அல்ல), வானம் தெரிய மிதக்கவிடவேண்டும். மீட்கும்வரை நிறுத்தக்கூடாது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கோ. நாங்களும் வாறம்.